பச்சை விளக்கு எரிந்தால் மூடிக்கொள்பவன்

கேட் குடியிருப்பு,
தேர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம்

அன்பு மகள் குனிக்கு,

அப்பா எழுதுவது. ஜகன்னாதரும் அண்ணனும் தங்கையும் குடம் குடமாய் ஊற்றிக் குளித்துவிட்டுக் காய்ச்சலில் படுத்திருக்கும் நாட்கள் இவை. பூரியில் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்கள் கஷாயம் குடித்து எழுந்து தேர் ஏறும் வரைக்கும் அவ்வளவு தூரத்தில் இருக்கும் உன்னை யார் பார்த்துக்கொள்வது என்று உன் அம்மாவுக்குக் கவலை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீங்க மொதல்ல உங்க வயித்தைப் பாத்துக்குங்க குனி அப்பா, அது போதும்" என்றாள்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ டூட்டிக்கு ரயில் எஞ்சினில் ஏறினால் ஃபோனை அணைத்துவிடுகிறாய், அது சட்டம். இறங்கினால் தூங்குகிறாய், அது நியாயம். மிச்ச நேரத்தில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். என் ரயில்வே கேட் அறை ஃபோனிலோ பேசுவதெல்லாம் பதிவாகிறது. நான் சொல்லப்போகும் விஷயம் பதிவானால் என்றைக்காவது ஒரு அதிகாரி அதைப் போட்டுக் கேட்டு, "யார் இந்த பைதர் ஸ்வாயின்?" என்று விசாரிப்பார். விஷயம் என் மலச்சிக்கல். மூக்கைப் பிடித்துக்கொண்டு படி.

ஊஞ்சல் கட்டும் ரஜ பண்டிகைக்கு வந்தபோது நீதான் சொன்னாய், "அப்பா, நீங்க உள்ள போய்ட்டு வர்றதுக்குள்ள ரெண்டு எக்ஸ்பிரஸ் போயிடுது, டாக்டரைப் பாருங்க" என்று. பார்த்துவிட்டேன். மகள் பேச்சைக் கேட்கும் அப்பன் என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தாலும் வரும்.

அந்தப் பண்டிகையில் நீ அம்மா சுட்ட பொட பிட்டாப் பலகாரத்தில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு வயிறு நிறைந்துவிட்டது என்றாய். ஊஞ்சலில் ஏறவே இல்லை. உன் யூனிஃபார்மைத் துவைக்க எடுத்த அம்மா, பையிலிருந்து பேதி மாத்திரைப் பட்டையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "எல்லாரும் போடறதுதான்மா. டூட்டிக்கு முன்னாடி காலி பண்ணிட்டா வழியில தொல்லை இல்ல" என்று நீ சிரித்தாய். எஞ்சினில் கழிப்பறை இல்லை, எனக்குத் தெரியாதா? உன் பேண்டின் இடுப்பை அம்மா இரண்டாம் தடவையாக உள்ளே பிடித்துத் தைத்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. என் கதையைத்தான் எழுதுகிறேன்.

என்னோடு மாற்று ஷிஃப்ட் பார்க்கும் நடபர் இத்தனை நாளாய் எனக்கு வைத்தியன். "அண்ணே, அந்த இசப்கோல் உமியை ரெண்டு கரண்டியாக்கு" என்பான். ஆக்கினேன். "மூணாக்கு" என்பான். அதையும் ஆக்கினேன். வயிறு மத்தளம் ஆனதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. கடைசியில் அவனே, "அண்ணே, உன் வயிறு கவர்மெண்ட் ஆபீஸ். உள்ள போறதுக்குக் கணக்கு இருக்கு, வெளிய வர்றதுக்கு இல்ல" என்று கைவிட்டுவிட்டான்.

புவனேஸ்வரில் பெரிய ஆஸ்பத்திரி. குடல் டாக்டர் என்றால் என் வயதில் ஒருவர் இருப்பார் என்று நினைத்துப் போனேன். இருந்தது உன்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு பெண், பட்டஜோஷி மேடம். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. "என்ன தொந்தரவு, மௌசா?" என்று கேட்டார். உறவு முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் இன்னும் வெட்கம். "கொஞ்சம் கேஸ்" என்றேன். ஒடிசாவில் எல்லா வியாதிக்கும் அதுதானே பெயர்.

அவர் சிரிக்காமல் ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஏழு படம். கெட்டி உருண்டையிலிருந்து வெறும் தண்ணீர் வரைக்கும், வகைக்கு ஒன்று. வாயால் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் விரலால் தொட்டால் போதுமாம். நான் ஆட்டுப் புழுக்கை மாதிரி இருந்த முதல் படத்தைத் தொட்டேன். அதோடு என் வெட்கத்தில் பாதி போயிற்று. மீதிப் பாதியை அவர் கையுறை மாட்டிக்கொண்டு எடுத்துவிட்டார். "இப்ப வெளிய தள்ற மாதிரி முக்குங்க" என்றார். முக்கினேன். "மௌசா, தள்ளச் சொன்னா என் விரலைப் பிடிச்சுக்கிறீங்களே!" என்றார். நான் என்ன வேண்டுமென்றா பிடித்தேன்?

மருந்துச் சீட்டோடு வெளியே வந்தால் பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் புடவைக் கடைக்காரர் வீட்டு அம்மாள், இன்னொருவர் பள்ளிக்கூட டீச்சர். மூவருக்கும் தொந்தரவு ஒன்றுதான். மார்க் ஷீட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளைகள் மாதிரி சீட்டுகளை ஒப்பிட்டோம். அம்மாள் சொன்னாள்: "எனக்கு மருந்தே எழுதல. பிரஷர் மாத்திரைதான் குடலைத் தூங்க வெச்சிருச்சுன்னு அதை மாத்திட்டா. வயித்துக்கு வந்தா பிரஷரைப் பாக்கறா, இவ என்ன டாக்டர்?" டீச்சர் சொன்னாள்: "எனக்கு வெங்காயம், பூண்டு, ரொட்டி எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேணாமாம். அப்புறம் ஒண்ணொண்ணா சேத்துப் பாக்கணுமாம். படுக்கறப்ப ஒரு துளி மாத்திரை, வலியை அடக்க. அது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதுன்னு மருந்துக்கடைக்காரன் சொல்றான்!" நான் சொன்னேன், எனக்கு இசப்கோலைக் குறைக்கச் சொல்லிவிட்டார், தண்ணீரில் கரைக்கும் ஒரு பொடி கொடுத்திருக்கிறார் என்று. அம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "இசப்கோலைக் குறைக்கச் சொல்ற டாக்டரா? ஹே ஜகன்னாதா! நீங்க உள்ள போய்க் கேளுங்க பாபு, நீங்கதான் சர்க்கார் ஆளு."

போனேன். ஒரே நோய்க்கு மூன்று வைத்தியம் ஏன் என்று சர்க்கார் ஆளாக நிமிர்ந்து கேட்டேன். மேடம் கோபிக்கவில்லை. "மத்தவங்க விஷயம் மத்தவங்களோடது மௌசா, பொதுவாச் சொல்றேன். மலச்சிக்கல்ங்கறது ஒரு நோய் இல்ல. சிலருக்குக் குடல் மெதுவா நகரும். சிலருக்கு நல்லா நகர்ந்து வந்தும் வாசல் தொறக்காது. சிலருக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கும், ஆனா குடல் நரம்பு சும்மா தொட்டாலே வலின்னு கத்தும். ஒரு நாள் இறுகும், ஒரு நாள் இளகும். அவங்களுக்கு வலியைத்தான் முதல்ல கவனிக்கணும். எது உங்களைப் பாடாப் படுத்துதுன்னு தெரியாம நான் எப்படி மருந்தைத் தேர்ந்தெடுக்கறது? அதுக்குத்தான் துருவித் துருவிக் கேக்கறேன்."

ஆனால் மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள் சில உண்டாம். ரத்தம் போகிறதா, சோகை உண்டா, வீட்டில் யாருக்காவது குடலில் புற்று இருந்ததா, முயலாமலே எடை குறைந்ததா. ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மருந்து பிறகு, சோதனை முதலில். எடைக் கேள்விக்கு "எனக்கு இல்லை" என்றேன். அந்த 'எனக்கு' என்ற இடத்தில் நாக்கு கொஞ்சம் இடறியது. மேடம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குடல் படத்தைப் பார்த்தேன்.

தண்ணீர் குடி. அம்மா உளுந்து வடகத்தைப் பரிச்சூராவாகப் பொடித்து அனுப்புகிறாள்.

உன் நலத்தையே கேட்டுக்கொண்டிருக்கும்
அப்பா


கேட் குடியிருப்பு,
கம்ஹா பூர்ணிமைக்கு மறுநாள்

அன்புள்ள குனி,

ஊரில் மாடுகளைக்கூட நேற்று குளிப்பாட்டிப் பொட்டு வைத்துப் பிட்டா கொடுத்தார்கள். உன் பங்கை உன் அம்மா எடுத்து வைத்துவிட்டு, பிறகு அவளே சாப்பிட்டுவிட்டு, குனி சாப்பிட்ட மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டாள்.

என் முதல் கடிதத்துக்கு நீ ஃபோனில் அனுப்பிய பதில், "சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குதுப்பா." நல்லது. சிரித்துத்தான் வலித்தது என்றால் நல்லது.

பொடி என்னைக் கைவிடவில்லை. அட்டையில் முதல் படத்திலிருந்து நாலாம் படத்துக்கு முன்னேறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு வேகமாக வகுப்பு ஏறியதில்லை. ஆனாலும் வெளியே வருவதற்கு அதே போராட்டம். மேடத்திடம் சொன்னேன், இதைவிடக் கடுமையான மருந்து ஒன்று கொடுங்கள், உடைத்துக்கொண்டு வரட்டும் என்று. அவர், "எனக்கு முதல் நாளே சந்தேகம். கடுமையானது வேண்டாம், முதல்ல வாசலைச் சோதிக்கலாம்" என்றார்.

சோதனை என்னவென்றால், உள்ளே ஒரு சின்ன பலூனை வைத்துத் தண்ணீர் நிரப்பி, வெளியே தள்ளு என்கிறார்கள். உலகத்தில் எல்லோரும் கொஞ்ச நேரத்தில் தள்ளிவிடுவார்களாம். நான் வியர்த்துக் கொட்டினேன், ஜகன்னாதரைக் கூப்பிட்டேன், உன் அம்மாவைக்கூடக் கூப்பிட்டேன். பலூன் வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவன் மாதிரி அசையவில்லை. முக்கும்போது தளர வேண்டிய தசை எனக்கு இறுகிக்கொள்கிறதாம். இதற்கு மாத்திரை கிடையாது, பயிற்சிதான் என்று சொல்லி, ரஷ்மிதா சிஸ்டரிடம் அனுப்பினார்.

இனிதான் உன் அப்பாவின் மானம் புவனேஸ்வரில் பறந்த கதை. அந்த அறையில் ஒரு திரை. உடம்பில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, தசை இறுகுகிறதா தளருகிறதா என்று திரையில் கோடாகக் காட்டுகிறார்கள். திரையின் மூலையில் விளக்கு. சிவப்பு எரிந்தால் சும்மா இருக்க வேண்டும். பச்சை எரிந்தால் கீழே தளர்த்தி மெல்லத் தள்ள வேண்டும். சின்னக் குழந்தைக்கும் புரியும். எனக்கும் புரிந்தது. பச்சை எரிந்தது. கோடு செங்குத்தாக மேலே ஏறியது. சிஸ்டர், "மௌசா, தளர்த்துங்க" என்றாள். சரி என்றேன். மறுபடி பச்சை. கோடு இன்னும் மேலே. "மௌசா, சிவப்புல சும்மா இருக்கறப்பகூட இதைவிடத் தளர்ச்சியா இருக்கீங்க! பச்சையைப் பாத்ததும் என்ன ஆகுது உங்களுக்கு?"

என்ன ஆகிறது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. குனி, நீயே சொல், நீ எஞ்சினிலிருந்து பார்க்கிறாயே, நாங்கள் எப்போது பச்சைக் கொடி காட்டுவோம்? கேட்டை இறக்கி, பூட்டி, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்து, சாலையில் ஒரு கோழிகூட இல்லை என்று உறுதி செய்த பிறகுதானே? மற்றவர்களுக்கெல்லாம் பச்சை என்றால் திற. எனக்குப் பச்சை என்றால் மூடியாயிற்று, ஒருவனையும் விடாதே. வேலையில் சேர்ந்த நாள் முதல் இந்தக் கண் அதைத்தான் படித்திருக்கிறது. கீழே இருப்பதும் இத்தனை நாள் கூடவே படித்திருக்கிறது போல.

இதைச் சொன்னதும் சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து மேடம் வந்தார். அவரிடமும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "வேலை என்னன்னு முதல் நாளே எழுதி வெச்சிருக்கேன், பாருங்க, எனக்குத் தோணல" என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். டூட்டியில் வயிறு கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? என்ன செய்வது, அடக்குவேன். எழுந்து பாதி தூரம் போயிருப்பேன், ஸ்டேஷனிலிருந்து மணி அடிக்கும், ஓடி வந்து கேட்டை இறக்குவேன். வண்டி போனதும் பார்த்தால் வயிறு கூப்பிட்டதையே மறந்திருக்கும். "அப்படியே பழகிடுச்சு" என்றேன். "பழகினது மாறும், மௌசா. இப்ப யோசிச்சுப் பாருங்க, நீங்க கேட்ட மாதிரி கடுமையான மருந்து குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? மூடின கேட்டுக்கு முன்னாடி இன்னும் நாலு லாரியை அனுப்பி வெச்ச மாதிரி ஆகியிருக்கும்."

கேட்காரனுக்கு இதைவிடப் புரியும்படி ஒரு டாக்டர் சொல்ல முடியாது. இப்போது விளக்கின் மேல் ஒரு துண்டுப் பேப்பரை ஒட்டிவிட்டார்கள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன், சிஸ்டர் வாயால் சொல்கிறாள், "விடுங்க மௌசா, மெதுவா விடுங்க, ஒண்ணும் ஆகாது." கோடு இறங்குகிறது. கால் வைத்துக்கொள்ள வீட்டில் ஒரு சின்ன முக்காலி, காலையில் சாப்பிட்டதும் அவசரமில்லாமல் உட்காருவது, இவ்வளவுதான். உன் அம்மா வாசலில் நின்று, "குனி அப்பா, லைன் கிளியரா?" என்று கேட்கிறாள். பெரும்பாலும் கிளியர்.

இனிக் கடிதத்தின் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படி.

கிளம்பும்போது மேடத்திடம் ஒன்று கேட்டேன். சொந்தத்தில் ஒரு பெண், ரயில் எஞ்சினில் வேலை, டூட்டி என்றால் முன்னாலேயே வயிறு பிசைகிறது, ஒரு வாரம் இறுக்கம், ஒரு வாரம் இளக்கம், பயத்தில் தண்ணீர் குடிப்பதில்லை, தானே பேதி மாத்திரை போட்டுக்கொள்கிறாள், என்ன மருந்து என்று. மேடம், "அந்தச் சொந்தக்காரப் பொண்ணுக்கும் உங்க மூக்குதானா, மௌசா?" என்று கேட்டார். நான் மூக்கைத் தடவிக்கொண்டேன். "எடை?" என்றார். உன் அம்மா பேண்டைப் பிடித்துத் தைத்ததைச் சொன்னேன்.

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். "பாக்காம மருந்து சொல்ல மாட்டேன். சரியாச் சாப்பிடாததால எடை குறைஞ்சிருக்கலாம், அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன். ஆனா நினைக்கறது வேற, பாத்துத் தெரிஞ்சுக்கறது வேற. ரத்தம் எடுத்துப் பாக்கணும், தேவைப்பட்டா உள்ளயும் பாக்கணும். பேதி மாத்திரை வலிக்கு மருந்து இல்ல, சில பேருக்கு அதுவே பிசையும். அவ எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல தன் வேலையைச் சொல்லணும். குடல் நரம்புக்குக் குடுக்கற மாத்திரை சிலது தூக்கம் வரவைக்கும். எஞ்சின்ல உக்கார்றவளுக்கு அது ஆகாதுன்னா வேற வழி இருக்கு. தெரிஞ்சாத்தானே தேர்ந்தெடுக்க முடியும்?"

அவளை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்களா என்று கேட்டேன். நீ ஊஞ்சலடியில் உன் அம்மாவிடம் அழுதது அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும், அவள் எதையும் என்னிடம் மறைத்ததில்லை. மேடம், "அதை நான் சத்தியம் பண்ண முடியாது மௌசா, அது அவங்க டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனா இந்தத் தொந்தரவுக்கு வைத்தியம் பாத்து வேலை போன ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. பட்டினியோட, தண்ணி குடிக்காம, மயக்கமா எஞ்சின்ல உக்கார்றதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

எனக்கும் அதுதான், குனி. ஜகன்னாதரைப் பார். வருஷா வருஷம் படுக்கிறார், வைத்தியர்களை உள்ளே விடுகிறார், கஷாயம் குடிக்கிறார். தேர் ஏற லாயக்கில்லை என்று அவரை யாரும் இறக்கவில்லை. படுத்து எழுந்த பிறகுதான் தேரே ஏறுகிறார்.

டாக்டரிடம் போவாயா?

உன்
அப்பா


கேட் குடியிருப்பு,
கணேஷ பூஜைக்கு மறுநாள்

என் குனிக்கு,

உன் செய்தி வந்தபோது கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. கொடியைப் பிடித்த கையைக் கீழே விட முடியாது, இன்னொரு கையால் ஃபோனை எடுத்துப் பார்க்கவும் கூடாது. கடைசிப் பெட்டி போகும் வரைக்கும் பைக்குள் அது துடித்துக்கொண்டிருந்தது, நானும் அப்படித்தான். கேட்டைத் தூக்கிவிட்டுப் படித்தேன். "வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கறேன்பா. எல்லாத்தையும் சொல்லணுமா?"

முதல் லாரிக்காரன், "என்ன ஸ்வாயின் பாபு, கண்ணு கலங்குது, பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று கத்திவிட்டுப் போனான். அதைவிடப் பெரிய விஷயம்டா, போ என்றேன்.

ஆமாம், எல்லாவற்றையும் சொல். எப்போது வலிக்கிறது, போய்விட்டு வந்தால் குறைகிறதா, என்னென்ன மாத்திரை, எத்தனை நாளாய், எல்லாம். பட்டையையும் கையோடு எடுத்துப் போ. எடை குறைந்ததை அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீயே சொல். வார்த்தை வராவிட்டால் அட்டை இருக்கிறதா என்று கேள், விரலால் தொடு. உன் அப்பன் தொட்டதுதான். என்ன சோதனை சொன்னாலும் சரி என்று சொல். பலூனைவிட மோசமாக ஒன்றும் இருக்காது, இருந்தால் வந்து எனக்குச் சொல், சேர்ந்து சிரிக்கலாம். ஒரே தடவையில் சரியான மருந்து அமையாவிட்டால் டாக்டரை மாற்றாதே. முதலில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்து, அது என்ன செய்தது என்று கேட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார்கள். எனக்கும் அப்படித்தான் வழி கிடைத்தது.

வியாழக்கிழமைக்கு நடபர் என் டூட்டியைப் பார்க்கிறான். ஏன் என்று கேட்டான். மகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். "இப்பத்தானே ரஜவுக்கு வந்துட்டுப் போச்சு?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வா அண்ணே, கேட் எங்க போயிடப் போகுது" என்றான். புதன்கிழமை வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். வர வேண்டாம் என்று நீ சொல்வாய். அதனால்தான் சீட்டு எடுத்த பிறகு எழுதுகிறேன். உன் அம்மா சுடா அவலும் வெல்லமும் கட்டிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்னால் கொடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே தின்றுவிட்டு வாருங்கள் என்று உத்தரவு.

உள்ளே நான் வர மாட்டேன். நீ டாக்டரிடம் என்ன சொன்னாய் என்று கேட்கவும் மாட்டேன். வெளியே பெஞ்சில் உன் தண்ணீர் பாட்டிலைக் கழுத்து வரைக்கும் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி. வெளியே வந்து அதைக் குடி, அம்மா. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது முழுசாகக் குடி.

உன்
அப்பா